வண்டிக்கு வர்ணம் அடித்தவர் நம் மலைக்கோட்டைகளை வரைந்த கதை

செஞ்சி ஊரைத் தாண்டி, திருவண்ணாமலைச் சாலையில் பஸ் போகும்போது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் வெளியே எட்டிப் பார்ப்பார்கள். தூங்குகிற குழந்தையைக்கூடத் தாய்மார்கள் தட்டி எழுப்பிக் காட்டுவார்கள்.

ஒரு பக்கம் கிருஷ்ணகிரி. மறுபக்கம் ராஜகிரி. சற்றுத் தள்ளி நிற்பது சந்திரகிரி. மூன்று மலைகள், மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். ராஜா தேசிங்கு வாழ்ந்து, 1714-ல் போரில் மடிந்த இடம் இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ சபை மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அந்த வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சிதான்.

இந்த மலையை யாராவது படம் போட முயன்றதுண்டா? முயன்றவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். யானை யானையாக உருண்ட பாறைகள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். எந்தப் பாறை முன்னால், எந்தப் பாறை பின்னால் என்றே புரியாது. நானும் ஒருமுறை கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலும் நோட்டுமாக முயன்று பார்த்தேன். வீட்டில் அதைப் பார்த்தவர்கள், தட்டில் அடுக்கிய பொரி உருண்டை என்று நினைத்துவிட்டார்கள்.

ஆனால், இதே ஜாதிப் பாறை மலைகளை, பாறைக்குப் பாறை தப்பாமல் வரைந்த ஒருவர் இருந்தார். செஞ்சிக்கு மேற்கே ராயக்கோட்டை, ஜகதேவி, வீரபத்திர துர்க்கம், சங்ககிரி ஆகிய மலைக்கோட்டைகளை 230 வருஷங்களுக்கு முன்பே அவர் காகிதத்தில் இறக்கினார். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, மாமல்லபுரம் ஒன்றையும் விடவில்லை. அப்பொழுது போட்டோ என்பதே உலகத்தில் கிடையாது.

அவர் இந்த நாட்டுக்காரர் அல்ல. வெள்ளைக்காரர். பெயர் தாமஸ் டேனியல். கூடவே இருந்து உழைத்தவர், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். படம் பார்த்தவர்கள் இருவரையும் பிரித்துப் பேசுவதில்லை. பெரிய டேனியல், சின்ன டேனியல் என்று நாம் வைத்துக்கொள்வோம்.

விடுதிக்காரர் மகன்

தாமஸ் 1749-ல் இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஒரு சிற்றூரில் சாப்பாட்டு விடுதி நடத்தியவர். பணக்காரக் குடும்பம் அல்ல.

பையனுக்குப் படம் போடுவதில் ஆசை. ஆனால், ஆசைக்குத் தகுந்த பள்ளிக்கூடம் உடனே கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு தொழில். அந்தக் காலத்தில் பிரபுக்கள் குதிரை பூட்டிய கோச்சு வண்டியில் போவார்கள். வண்டியின் கதவில் குடும்பச் சின்னம் வரைந்திருக்கும். சிங்கம், கேடயம், பூங்கொடி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்னம். அதை வரைந்து வர்ணம் அடிப்பதுதான் தாமஸின் வேலை.

அற்பமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வண்டிக்கதவில் கோடு கோணினால் பிரபு சும்மா விடமாட்டார். நேர்த்தியான கோடு, கலங்காத வர்ணம் இரண்டையும் தாமஸின் கை அங்கேதான் கற்றது.

1773-ல், 24-வது வயதில், லண்டன் ராயல் அகாடமியின் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். 1772 முதல் 1784 வரை அந்த அகாடமியின் கண்காட்சிகளில் 30 படங்கள் வைத்தார். பெரும்பாலும் இயற்கைக் காட்சிகள், பூக்கள். பார்த்தவர்கள் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். அதனால் வயிறு நிறையுமா? லண்டனில் சித்திரக்காரர்கள் மலிந்து கிடந்தார்கள். வயது 35 ஆகிவிட்டது. பெயரும் இல்லை, பணமும் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு பொறுப்பு வந்து சேர்ந்தது. 1779-ல் அவருடைய சகோதரர் காலமானார். அவருடைய மகன் வில்லியத்துக்கு அப்போது 10 வயது. பையனைத் தாமஸ் தம்மிடம் அழைத்துக்கொண்டார். தாமஸ் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வில்லியம்தான் அவருக்குப் பிள்ளை, சிஷ்யன், கூட்டாளி எல்லாம்.

கப்பல் ஏறினார்கள்

இந்தியாவுக்குப் போனவர்கள் மூட்டை மூட்டையாகப் பணத்துடன் திரும்புகிறார்கள் என்று லண்டனில் பேச்சு. ஆனால், நினைத்தவர் எல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி வேண்டும். 1784-ல் தாமஸ் அந்த அனுமதியைப் பெற்றார். செம்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிக்கும் தொழிலாளி என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட அந்தஸ்து. உதவிக்கு ஒரு பையன்: வில்லியம்.

உண்மை என்னவென்றால், அந்தத் தொழிலில் இருவருக்குமே பெரிய பழக்கம் கிடையாது!

1785 ஏப்ரல் 7-ந் தேதி கப்பல் புறப்பட்டது. அது நேரே இந்தியாவுக்கு வரவில்லை. சீனாவுக்குப் போயிற்று. அங்கிருந்து வேறு கப்பல் பிடித்து, 1786 தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

வந்த சில மாதங்களிலேயே, ஜூலையில், தாமஸ் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். கல்கத்தா நகரின் காட்சிகள் 12 படங்களாக வெளிவரும் என்பது விளம்பரம். அறிவித்தாகிவிட்டது. இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்!

கல்கத்தாவில் அதற்கு வேண்டிய பட்டறை வசதி கிடையாது. வரைவதும் அவரே, செதுக்குவதும் அவரே, செம்புத் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் அவரே, அச்சு யந்திரத்தைச் சுற்றுவதும் அவரே. அச்சாபீஸ் எடுபிடி வேலையும் தம் தலையில்தான் என்று தாமஸ் ஊருக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். உள்ளூர்த் தொழிலாளிகளைச் சேர்த்துக்கொண்டார். அந்த இந்தியத் தொழிலாளிகளின் கையும் சேர்ந்துதான் 12 படங்களும் உருவாயின. படங்களின் அடியில் அவர்கள் பெயர் இல்லை. டேனியல் பெயர்தான் இருக்கிறது.

1788 நவம்பரில் வேலை முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படங்கள் நன்றாக விற்றன. ஆனால், பின்னால் வந்த படங்களோடு வைத்துப் பார்த்தால், இவை மாணவன் எழுதிய முதல் பரீட்சைதான். வீடுகள் விறைப்பாக நிற்கும். ஆகாயம் கனமாக இருக்கும்.

கல்லைச் செம்பில் இறக்கும் வித்தை

செம்பில் படம் வருவது எப்படி? செஞ்சி ராஜகிரியையே எடுத்துக்கொள்வோம். டேனியலின் முறைப்படி அதைப் படமாக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நல்ல இடம் பார்த்து உட்கார வேண்டும். டேனியல் கையோடு ஓர் இருட்டுப் பெட்டி வைத்திருந்தார். அதன் முன்புறத்தில் ஒரு வில்லைக் கண்ணாடி. உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. எதிரே நிற்கும் மலை, பெட்டியில் வைத்த காகிதத்தின் மேல் சின்னஞ்சிறு பிம்பமாக விழும். அந்தப் பிம்பத்தின் மேலேயே பென்சிலை ஓட்டிவிடலாம். மதில் எத்தனை உயரம், மலை எத்தனை உயரம் என்ற கணக்கு தப்பாது.

பெட்டி இருந்தால் யாரும் டேனியல் ஆகிவிடலாம் என்று அர்த்தமல்ல. பெட்டி அளவைக் கொடுக்கும், அவ்வளவுதான். எந்தக் கோடு வேண்டும், எதை விட வேண்டும் என்று பெட்டி சொல்லாது.

பிறகு பென்சில் கோட்டின் மேல் மைக்கோடு. பாறையின் வெடிப்பு, மதிலின் பல், மண்டபத்தின் தூண், படிக்கட்டு எல்லாம் மையில் வந்துவிட வேண்டும். அதன்மேல் தண்ணீர் கலந்த மையைத் தூரிகையால் தடவி, வெயிலும் நிழலும் காட்டுவார்கள். ஊர் ஊராக அலையும்போது செய்கிற வேலை இது. மீதி எல்லாம் பட்டறையில்.

பட்டறையில் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு இரண்டடி உள்ள செம்புத் தகடு. அதன்மேல் மெழுகு பூசுவார்கள். மெழுகைக் கீறிக்கொண்டு ஊசியால் படத்தை வரைவார்கள். இடத்தை வலமாக, வலத்தை இடமாக வரைய வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் கிருஷ்ணகிரி இருக்க வேண்டிய பக்கத்தில் ராஜகிரி வந்துவிடும்! பிறகு தகட்டைத் திராவகத்தில் போட்டால், ஊசி கீறிய இடத்தை மட்டும் திராவகம் அரிக்கும். கோடு பள்ளமாகும்.

கோடு வந்துவிட்டது. நிழல்? அதற்குத்தான் பெரிய வித்தை. பிசினை மாவாகப் பொடித்துத் தகட்டின்மேல் பனி விழுந்ததுபோலத் தூவி, தகட்டைச் சூடு காட்டுவார்கள். பொடி இளகி, லட்சம் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளையாக இருக்க வேண்டிய ஆகாயத்தையும் வெயில் படும் பாறை முகத்தையும் வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மறுபடி திராவகம். இப்பொழுது புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் அரிக்கும். லேசான நிழல் போதும் என்ற இடத்தை எடுத்து மூடுவார்கள். மறுபடி திராவகம். இப்படி ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வர, கடைசி வரை திராவகத்தில் கிடந்த இடம் கன்னங்கரேல் என்று வரும். பாறை இடுக்கு, குகை வாசல், ஆலமரத்தடி எல்லாம் அப்படி வந்தவை.

திராவகத்தில் ஒரு நிமிஷம் கூடிப்போனால் போச்சு. மாதக்கணக்கான உழைப்பு பாழ். சாம்பாரில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போட்டுச் சமாளிக்கலாம், செம்பில் முடியாது.

இந்த முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். நம் கருங்கல் மலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது என்பது என் அபிப்பிராயம். பொடி விட்டுப்போகும் அந்தச் சொரசொரப்பு, பாறையின் சொரசொரப்பு மாதிரியே இருக்கிறது. தடவிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கும்.

கடைசியில் தகட்டில் மை தடவி, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் கொடுத்து அழுத்துவார்கள். பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் படம் வரும். சில படங்களில் ஆகாயத்துக்கு நீல மை. ஒரு படம் எடுத்ததும் மறுபடி முதலிலிருந்து மை தடவ வேண்டும். நூறு படம் வேண்டும் என்றால் நூறு தரம்.

அதோடு முடியவில்லை. அச்சான ஒவ்வொரு படத்துக்கும் கையால் வர்ணம் தீட்ட வேண்டும். அதை அப்புறம் சொல்கிறேன்.

வடக்கே ஒரு சுற்று

கல்கத்தா படங்கள் தயாராகி வரும்போதே, 1788 ஆகஸ்டில், இருவரும் படகு ஏறிக் கங்கை வழியாக வடக்கே புறப்பட்டார்கள். ஆக்ரா, டில்லி பார்த்து, இமயமலையில் கார்வால் சீநகர் வரை ஏறினார்கள். மூன்று வருஷம் சுற்றிவிட்டு 1791 முடிவில் கல்கத்தா திரும்பினார்கள்.

இவர்களுக்கு முன்பே வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் வட இந்தியாவில் சுற்றி, படங்களும் வெளியிட்டிருந்தார். டேனியல்கள் அந்தப் படங்களைக் கையோடு எடுத்துப் போனார்கள். ஹாட்ஜஸ் நின்ற இடத்திலேயே நின்று, படத்தையும் எதிரே உள்ள கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஹாட்ஜஸ் பல இடங்களில் மனம்போனபடி வரைந்துவிட்டார் என்று கண்டார்கள். தாங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்ற வைராக்கியம் அவர்களுக்கு ஏற்பட்டது. இருட்டுப் பெட்டியும், தூரம் அளக்கும் சக்கரமும் எங்கே போனாலும் கூடவே போயின.

கைச்செலவுக்குப் பணம் வேண்டுமே? வரைந்த வர்ணப் படங்களை லாட்டரியில் வைத்தார் தாமஸ். சீட்டு வாங்கியவர்களுக்குக் குலுக்கல் முறையில் படம். அதில் வந்த பணத்தில்தான் தெற்கே வரும் யோசனை.

சண்டை நின்ற சூடு ஆறுமுன்

1792 மார்ச் மாதம் கல்கத்தாவிலிருந்து கப்பல். அதே மாதக் கடைசியில் சென்னை. அந்த மார்ச் மாதத்தில்தான் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திப்பு தம் ராஜ்யத்தில் பாதியைக் கொடுக்க நேர்ந்தது. பாராமகால் என்ற சீமை கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்தான் அது.

டேனியல்களுக்கு இது நல்ல சமயம். சண்டை நடந்த கோட்டைகள் எப்படி இருக்கும் என்று பார்க்க லண்டனில் ஜனங்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் மாதம் சித்திரை வெயிலில், இரண்டு பல்லக்குகளும் சுமை ஆட்களும் மாட்டு வண்டியுமாகச் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள். படைகள் போன வழியிலேயே போனார்கள்.

செஞ்சியில் பார்க்கிற அதே உருண்டைப் பாறை மலைகள் அங்கேயும். உச்சியில் கோட்டை. அடிவாரத்தில் கிராமம். ராயக்கோட்டை 1791-ல் தான் கம்பெனிப் படையிடம் வீழ்ந்திருந்தது. பீரங்கிப் புகை அடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே தாமஸ் இருட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓசூர், பெங்களூர் வரை போனார்கள். சங்ககிரியையும் வரைந்தார்கள். வில்லியம் தினமும் டைரி எழுதினார். அந்த டைரி இருப்பதால்தான் அவர்கள் போன வழி நமக்குத் தெரிகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போர் நடந்த சீமை என்றால் எரிந்த ஊரும் தரிசு நிலமும் இருந்திருக்கும். ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் இருந்திருக்கும். டேனியல் படங்களில் அவை இல்லை. மலை இருக்கிறது. கோட்டை இருக்கிறது. கீழே ஒரு மூலையில் நான்கைந்து பேர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லில் இருந்த கவனம் மனிதர் மேல் அவ்வளவாக இல்லை. படம் வாங்கப்போகிறவர் லண்டன் சீமான். அவர் வீட்டுச் சுவரில் மாட்டத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். கோடு பொய் சொல்லவில்லை. ஆனால், முழுக்கதையையும் சொல்லவும் இல்லை.

மதுரையில் கண்டது

பிறகு மதுரை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தை வரைந்தார்கள். தூண் தூணாக, சிலை சிலையாக அப்படியே.

அதைவிட முக்கியமானது திருமலை நாயக்கர் மகால். இன்று நாம் பார்ப்பது அந்த அரண்மனையில் ஒரு பகுதிதான். டேனியல்கள் பார்த்தபோது அது கேட்பாரற்று இடிந்து கொண்டிருந்தது. வளைவுகளின் மேல் செடி முளைத்திருந்தது. அதை அப்படியே வரைந்துவிட்டார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு உத்தரவிட்ட பின்தான் மகாலைப் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்ப்பதற்கு முன்னால் மகால் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர், டேனியல் படத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே போனார்கள். பாபநாசம் அருவி, குற்றாலம் அருவி இரண்டையும் படமாக்கினார்கள். கன்னியாகுமரி மலையைக் களக்காட்டுப் பக்கமிருந்து வரைந்தார்கள். திரும்பும் வழியில் தஞ்சைப் பெரிய கோயில். திருச்சியில் மலைக்கோட்டையைக் காவேரியிலிருந்து ஒரு படம், தென்கிழக்கிலிருந்து ஒரு படம். திருச்சிக்காரர்கள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1793 ஜனவரியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒன்பது மாதம் ஊர் சுற்றல்.

சென்னையிலும் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜ் கோட்டை, கறுப்பர் பட்டணம், பரங்கிமலைப் பாலம் எல்லாம் படமாயின. மாமல்லபுரம் குகைக் கோயிலையும் பாறைச் சிற்பங்களையும் வரைந்தார்கள். இன்னொரு முறை லாட்டரி வைத்துப் பணம் சேர்த்தார்கள். பம்பாய் போய் அங்குள்ள குகைகளைப் பார்த்தார்கள். 1794 செப்டம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

போகும்போது பெரியவருக்கு 35, திரும்பும்போது 45. போகும்போது மீசை முளைக்காத பையனாக இருந்த வில்லியத்துக்கு வயது 25. மூட்டை மூட்டையாகப் பணம் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது பெட்டி பெட்டியாகக் கோட்டுப் படங்கள்.

காலை 6 மணி முதல் நடுநிசி வரை

இனிமேல்தான் உண்மையான உழைப்பு. கல்கத்தாவில் அரைகுறையாகக் கற்ற அக்வாடின்ட் வித்தையை முழுமையாகக் கற்றுவிட வேண்டும் என்று வில்லியம் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். காலை 6 மணிக்கு உட்கார்ந்தால் நடுநிசி வரை வேலை. இப்படி ஏழு வருஷம்! கடைசியில் இங்கிலாந்திலேயே அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆயிற்று.

1795-ல் முதல் படங்கள் வெளிவந்தன. 1808-ல் வேலை முடிந்தது. 13 வருஷங்கள். ஆறு தொகுதிகள். 144 படங்கள். ஓரியண்டல் சீனரி என்று பெயர். கீழ்த்திசைக் காட்சிகள் என்று அர்த்தம். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். பிரபுக்களும் பெரும் பணக்காரர்களும்தான் வாங்க முடியும். பிற்பாடு சிறிய அளவில் ஒரு பதிப்பு போட்டார்கள்.

அந்த 144-ல் 24 படங்கள் எல்லோரா குகைகள். அவற்றை வரைந்தவர் டேனியல் அல்ல. பம்பாயில் அவர்களுக்குப் பழக்கமான ஜேம்ஸ் வேல்ஸ் என்ற சித்திரக்காரர். அவர் 1795-ல் இந்தியாவிலேயே இறந்துவிட்டார். அவருடைய கோட்டுப் படங்கள் தாமஸிடம் வந்தன. தாமஸ் அவற்றைச் செம்பில் ஏற்றி, 1803-ல் வேல்ஸின் பெயரைப் போட்டே வெளியிட்டார். செத்துப்போனவர் கேட்கவா போகிறார் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

யார் தீட்டிய வர்ணம்?

வர்ணத்தைப் பற்றி அப்புறம் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா?

இந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பட்டுத்துணி அச்சு என்ற ஸ்கிரீன் பிரிண்டிங் வேலையைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மையை ரப்பர் பட்டையால் தேய்ப்பார்கள். நிறத்துக்கு ஒரு துணி. சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. துணியைத் தயார் செய்துவிட்டால் நூறு படத்திலும் ஒரே வர்ணம், ஒரே இடத்தில்.

டேனியல் காலத்தில் அந்த வசதி இல்லை. அச்சில் வந்தது பழுப்புப் படம்தான். அதை மேஜையில் வைத்து, தண்ணீர் வர்ணத்தைத் தூரிகையால் தீட்டுவார்கள். தாமஸோ வில்லியமோ வர்ணம் தீட்டிய மாதிரிப் படம் ஒன்று எதிரே இருக்கும். கூலிக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தீட்டுவார்கள். இரண்டு பிரதிகள் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் ஆகாயம் சற்று வெளிறியிருக்கும். ஒன்றில் பாறை சற்றுச் சிவந்திருக்கும்.

தீட்டியவர்களில் யாரும் தஞ்சாவூர் வெயிலைக் கண்டவர்கள் அல்ல. அதனால்தானோ என்னவோ, டேனியல் படங்களில் நம் ஊர் வெயில் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது. சித்திரை மாதத்து ராயக்கோட்டை, மார்கழி மாதம்போல் தெரிகிறது! ஆனாலும் படம் கெடவில்லை. அடியில் உள்ள கோடு பிசகாமல் இருப்பதால், மேலே வர்ணம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மலை மலையாகவே நிற்கிறது. வண்டிக் கதவில் பழகிய கை அல்லவா?

பாலத்தின் மேல் காளைகள்

1799-ல் ராயல் அகாடமி தாமஸை முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு நடந்துபோன அதே அகாடமிதான். வில்லியத்துக்கு அந்த மரியாதை 1822-ல் கிடைத்தது. வில்லியம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கரையோரம் முழுவதும் சுற்றி வந்து, 308 படங்கள் வெளியிட்டார்.

தாமஸ் பிறகு இந்தியாவுக்கு வரவே இல்லை. ஆனால், இந்தியா அவரை விடவில்லை. வீட்டில் இருந்தபடியே பழைய கோட்டுப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் வர்ணத்தில் கோயில்களையும் மலைகளையும் வரைந்துகொண்டே இருந்தார். 1837-ல் ஒரு பேரிடி. வில்லியம் காலமானார். 10 வயதில் கைப்பிடித்து அழைத்துவந்த பையன், 68 வயதில் பெரியவருக்கு முன்னால் போய்விட்டான். அதன்பின் மூன்று வருஷம் தாமஸ் இருந்தார். 1840 மார்ச் 19-ந் தேதி லண்டன் கென்சிங்டனில் தமது வீட்டில் உயிர் துறந்தார். வயது 90-ஐத் தாண்டியிருந்தது.

டேனியல் படங்களைப் பார்க்க இங்கிலாந்து போக வேண்டியதில்லை. கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் நிறைய இருக்கின்றன.

அவர் இங்கிலாந்தில் விட்டுப்போன ஒன்று மட்டும் அங்கேயே இருக்கிறது. குளாஸ்டர்ஷயர் சீமையில் செசின்கோட் என்ற இடத்தில், இந்தியாவில் இருந்து திரும்பிய கம்பெனிக்காரரின் குடும்பம் ஒன்று, மொகலாயர் பாணியில் மாளிகை கட்டியது. அதன் தோட்டத்தில் ஒரு சிறு கோயிலும் குளமும் பாலமும் அமைக்கத் தாமஸ் யோசனை சொன்னார். பாலத்தின் மேல், நம் ஊர்ச் சிவன் கோயில் நந்திபோலக் கால் மடக்கி உட்கார்ந்த காளைகளை வைக்கச் செய்தார். அந்தக் காளைகளை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் நினைக்கலாம் என்று அவருக்குக் கவலை வந்தது. கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. 1811-ல் மாளிகை முதலாளிக்குக் கடிதம் எழுதினார். தேவலோகத்துச் சிற்பியான விசுவகர்மாவே இங்கே எட்டிப் பார்த்தாலும், காளைகள் பாலத்திலேயே இருக்கட்டும் என்றுதான் சொல்வார் என்றும், எடுக்கச் சொல்கிறவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்றும் எழுதிவிட்டார்.

காளைகள் பாலத்தின் மேல் இன்றும் உட்கார்ந்திருக்கின்றன.